முதுகு உன்னுடையது, சட்டை என்னுடையது

என் கட்டம் போட்ட சட்டை திரும்பி வந்துவிட்டது, சம்மந்தி. டிரை கிளீனிங் செய்து, அழகாக மடித்து, கவரில் போட்டுத் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு போன சீரியல்காரர்கள், மளிகைப் பையில் சுருட்டி கூரியரில் அனுப்பியிருக்கிறார்கள். பையைப் பிரித்ததும் வீடு முழுக்க வாடை. மேக்கப்பும் வியர்வையும் கலந்து, ஊசிப்போன பால்கோவா மாதிரி. காலரைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் அழுக்கு வளையம். என் மனைவி செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இன்னாங்க, இத தொவைக்கறதா, கொளுத்தறதா?" என்று கேட்டாள்.

எனக்குக் குமட்டியது. இத்தனைக்கும் அது எனக்குப் பழகிய வாடைதான். எத்தனையோ வருஷம் உன் மேல் அடித்த வாடை. உன் மேல் அடித்தபோது குமட்டவில்லை.

காக்களூர் பேக்டரியில் போல்ட்டுக்கு மரை போட்டுக்கொண்டிருந்த நம் இரண்டு பேரையும் ஆயுத பூஜை நாடகத்தில் சேர்த்தார்களே, நினைவிருக்கிறதா? நான் போலீஸ்காரன். எனக்கு ஒரே வசனம்: "யாரும் அசையாதீங்க!" அதைச் சொல்லிவிட்டு நானே பயத்தில் அசையாமல் நின்றுவிட்டேன். திரையை இழுத்து மூடித்தான் என்னை உள்ளே கொண்டுபோனார்கள். நீ பெண்ணைப் பெற்ற அப்பா. நீ அழுதாய், மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்தார். அன்றைக்கே முடிவாகிவிட்டது, நீ நடிக்கப் பிறந்தவன், நான் மரை போடப் பிறந்தவன் என்று.

சீக்கிரமே வேலையை விட்டாய். சாயங்கால ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய் சபா நாடகங்களில் நடித்தாய். பிறகு சீரியல். சின்ன வயதிலேயே நரைத்துவிட்ட தலைக்கு எல்லோரும் அப்பா வேஷமே கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் பாதிக் கதாநாயகிகளைத் தாரை வார்த்துக் கொடுத்தவன் நீ. சொந்த மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மட்டும், தட்டு மாற்றுகிற நேரம் தாண்டி வந்தாய். கழுத்துக்கு மேலே பித்தளை நிறம், கழுத்துக்குக் கீழே உன் நிறம். என் வீட்டு ஆட்கள் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோச்சிக்காத சம்மந்தி. அங்க ஒரு பொண்ண கட்டிக் குடுத்துட்டு நேரா இங்கதான் ஓடியாறேன்" என்றாய். முறைத்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். உன் மகள் சிரிக்கவில்லை. என் வீட்டு மருமகளாக வந்த பிறகு ஒருநாள் சொன்னாள்: "எங்கப்பா அப்பாவா இருக்கறத பாக்கணும்னா டிவியதான் போடணும், மாமா."

உன் மனைவிக்கு நீ என்றால் காலர்தான். நீ வந்ததும் சட்டையை உருவி, துவைக்கிற கல்லில் போட்டுத் தேய்ப்பாள். "இந்தாளு மூஞ்சிய காட்டி சம்பாதிக்கறாரு, நான் அந்த மூஞ்சிய காலர்ல இருந்து தொடச்சிக்கினு கெடக்கறேன்" என்பாள்.

அந்த மூஞ்சியால் நீ பட்ட பாடும் எனக்குத் தெரியும். புதுவாயல் டீக்கடையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், உன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். "ஐயா, உம் பொண்ண அந்த ஊட்டுக்கு அனுப்பாதய்யா. அவன் மனுசனே இல்ல." நீ நெஞ்சில் கை வைத்து, "அனுப்ப மாட்டேம்மா" என்றாய். மறுநாள் போய் அனுப்பிவிட்டு வந்தாய். "எழுதிக் குடுத்துட்டான், நான் இன்னா பண்றது? அழ கிளிசரின் குடுக்கறான். வேணாம்னு சொல்றதுக்கு ஒண்ணும் குடுக்கறதில்ல" என்று அன்றைக்கு டீயைக் கீழே ஊற்றினாய்.

பிள்ளைகளின் தலைதீபாவளிக்கு ஒரே துணியில் நம் இருவருக்கும் சட்டை தைத்தது நீதான். மெரூன் கட்டம். உனக்கு ஒல்லிக்கு ஒரு அளவு, எனக்கு வயிற்றுக்கு ஒரு அளவு. "ரெண்டு அப்பனும் ஒரே மாதிரி கீறமா?" என்று நீ கேட்டபோது, "நீ கிழிஞ்ச பாதி, நான் கிழிக்காத முழு பீஸ்" என்றேன். துணைப் பாத்திரங்களுக்குத் துணி அவர்களே கொண்டுவர வேண்டும் என்பதால் அந்தச் சட்டையை ஷூட்டிங்குக்கும் போட்டாய். கடைசியாகப் போட்டதும் அதைத்தான். ஒரு காட்சி பாதியில் நின்றது. மீதியை மறுநாள் எடுப்பார்கள், அதுவரை துவைக்கக் கூடாது என்று வீட்டில் கதவுக்குப் பின்னால் மாட்டினாய். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நடந்ததைச் சொன்னால் எழுந்து அடிப்பாய். கையில் மைக்கோடு வந்தவன் ஒருத்தன் உன் மகளிடம், "மேடம், அப்பா கடைசியா இன்னா சொன்னாரு? கொஞ்சம் கேமராவ பாத்து" என்றான். சொந்தக்காரர்கள், உன் தலைமாட்டில் நின்ற சீரியல் மருமகனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். "சார், கதைல உங்க பொண்டாட்டி செத்துடுவாளா?" என்று அவரையே கேட்டாள் ஒருத்தி. அங்கே ஒருத்தன் செத்துக் கிடக்கிறான். சீ! மணவாள நகரில் நான் இத்தனை காலம் இருக்கிறேன், இப்படி அருவருத்தது இல்லை.

அதைவிட மோசம் கருமாதி அன்றைக்கு. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தான். உன் படத்தைப் பார்த்துக் கும்பிடவில்லை. பந்தியில் உட்கார்ந்து, வடையை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு உன் மனைவியிடம் வந்தான்.

"அம்மா, அந்த மெரூன் செக்டு சட்ட வேணும். ஒரு நாளைக்குதான்."

அவள் எழுந்தாள். அறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைத் துவைக்காமல் வைத்துக்கொண்டு தினமும் முகத்தில் ஒற்றிக்கொள்கிறாள் என்று உன் மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். காலரில் உன் நிறம் அப்படியே இருக்கிறதாம்.

"எதுக்குய்யா சட்ட?" என்று நான் கேட்டேன்.

"அவரு ஊட்டுக்குள்ள நொழையற ஷாட் எடுத்தாச்சு சார். முதுகுதான் தெரியும், மூஞ்சி தெரியாது. திரும்பறதுல இருந்து புது ஆள வெச்சி எடுக்கறோம். சட்ட மாறினா ஜனங்க கண்டுபுடிச்சிடும்."

"ஆளு மாறினா?"

"அதுக்கு கார்டு போட்டுடுவோம் சார். இவருக்குப் பதில் இவர்னு."

"மொத்தத்தையும் புதுசா எடுத்துக்கோயேன்."

"அந்த ஷூட்டிங் ஊட்டையே காலி பண்ணிட்டோம் சார். செவரு ஒண்ணு போட்டு மீதிய எடுக்கறோம். டிரை கிளீன் பண்ணி பக்காவா திருப்பித் தர்றோம்."

டிரை கிளீன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் உள்ளே உன் மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள். உன் மகள் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். "குடுக்க முடியாது" என்றாள். அவன் விடவில்லை. சட்டை இல்லாவிட்டால் தன் வேலை போய்விடும், பாக்கிச் சம்பளம் பேசுவதும் கஷ்டம் என்று இழுத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அடித்திருக்க வேண்டும். அடிக்கிற தைரியம் எனக்கு என்றைக்கு இருந்தது? நான் யாரும் அசையாதீங்க என்று சொல்லிவிட்டு அசையாமல் நிற்கிறவன். ஆனால் அன்றைக்கு நான் போட்டிருந்தது நீ தைத்துக் கொடுத்த சட்டை. பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"இந்தா. அதே துணி, அதே கட்டம்."

"சார், இது உங்க சைஸு. அந்த ஆளு ஒல்லி."

"பின்னால இழுத்துப் பின்னு குத்திக்கோ. முதுகுதான் எங்க சம்மந்தி முதுகாச்சே."

உன் கருமாதியில், அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில், ஓட்டை பனியனும் வயிறுமாக நின்றேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். உன் மகள் மட்டும், அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அந்தக் காட்சி போன வாரம் வந்தது. எல்லோரும் உன் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். "இனி இவருக்குப் பதில் இவர்" என்று கார்டு வந்தது. பல்பு மாற்றுவதுபோல் உன்னை மாற்றினார்கள். பிறகு கதவு திறந்தது. நீ உள்ளே போனாய். இடது தோள் சற்று இறங்கிய அந்த நடை. உன் மனைவி அந்த முதுகைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தாள். முதுகு திரும்பியதும் வேறொருத்தன். முதுகு உன்னுடையது, மூஞ்சி எவனுடையதோ, தொளதொளவென்று என் சட்டை. நாடகத்தில் திரையை மூடி ஒளித்த என்னை டிவியில் சட்டையாகக் காட்டினார்கள். உன் மனைவி எழுந்து போய்விட்டாள். மறுநாள் நான் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒருத்தன், "புது அப்பா பரவால்லண்ணே, நல்லாதான் கீறாரு" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பித் துப்பினேன்.

சட்டையை என்ன செய்வது என்று என் மனைவி கேட்டதற்கு, "கொளுத்து" என்றுதான் சொன்னேன். உன் மகள் அதை வாங்கிக்கொண்டு தன் அம்மாவிடம் போனாள். நானும் பின்னால் போனேன். உன் மனைவி காலரைத் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"எவனுதோ. கருமம். நீங்க உக்காருங்கண்ணே. இது போற வழி எனக்குத்தான் தெரியும்."

நீ போன பிறகு அந்தக் கல்லில் சோப்பு போடுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். வெகுநேரம் தேய்த்தாள். இன்னொருத்தன் முகத்தை என் சட்டையிலிருந்து அப்படித் தேய்த்து எடுத்தாள். உன் சட்டை உள்ளே, ஆணியில், துவைக்காமல் இருக்கிறது.

"கொஞ்சம் நிக்கும்ணே. முழுசா போவாது. இவருதும் போனதில்ல" என்று உதறிக் கொடியில் போட்டாள்.

காய்ந்ததும் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அதுதான் போட்டிருக்கிறேன். காலரில் ஒரு மங்கல் இருக்கிறது. காலையில் பஸ்ஸில் அதே ஆள் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மேக்கப்பெல்லாம் போட்டுக்கினு எங்க கெளம்பிட்ட?" என்றான்.

"வேஷம் குடுத்துக்கீறாங்கடா. அப்பா வேஷம்" என்றேன்.