கல்லறைத் தோட்டத்துக் களிமண்

இன்று காலையில் கல்லறைத் தோட்டத்து வாசலில் லாரி வந்து நின்றது. கறுப்பு வலைச் சுருள்களை உருட்டி இறக்கினார்கள். வெயில் பட்டதும் புதுப் பிளாஸ்டிக்கும் தாரும் கலந்தது போன்ற அந்த வாடை கிளம்பியது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு எழுத்து கிடையாது என்பது உனக்குத் தெரியும். நான் வாயால் சொல்கிறேன், மருமகள் எழுதிக்கொள்கிறாள்; வெளியே சொல்ல மாட்டாள்.

இந்த வலை முதல் தடவை வந்தபோது நீயும் நானும்தான் சுருளைப் பிரித்தோம். நம் மிஷன் சபைத் தோட்டம் இருக்கும் மேடு முழுக்கக் களிமண். கோடையில் கை நுழையும்படி வெடிக்கும். மழையில் வெள்ளம் குடித்து வீங்கும். அந்த வீக்கத்தில் கீழே ஏலா வயல்வெளியைப் பார்த்த கல்சுவர் வயிறு தள்ளி நின்றது. நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த எஞ்சினியர் பெண் அதைப் பார்த்துவிட்டு, சுவரைப் பிரிக்கச் சொன்னாள். பின்னால் உள்ள களியைத் தோண்டி எடுத்து, ஒரு அடுக்கு மண், ஒரு வலை, மறுபடி மண் என்று நெருக்கி ஏற்ற வேண்டும். களி தானாக நிற்காதாம். வலைக்கண்ணில் மண் கடித்துக்கொண்டால் நழுவாதாம். "சுவரிலேருந்து உள்ளே கடைசி வரைக்கும் வலை ஒரே துண்டா கிடக்கணும். எங்கேயும் வெட்டக் கூடாது" என்று சபைக் கமிட்டியிடம் அழுத்திச் சொன்னாள்.

அதற்குச் சுவரோரத்துக் கல்லறைகளைத் திறந்து மேல்பக்கம் மாற்ற வேண்டியிருந்தது. மற்ற வீட்டார் சம்மதித்தார்கள். உன் மகளுடையது மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போன பிள்ளை. நீ அதன் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

"எலே, எனக்க அப்பனையே தூக்கி அங்க வச்சாச்சு. அவரு ஒண்ணும் கோவப்படல்ல" என்றார் கமிட்டிச் செயலாளர். இரண்டொருவர் சிரித்தார்கள்.

"உனக்க அப்பன் வயசாளியாக்கும். எனக்க பிள்ளைக்கு இருட்டுன்னா பயம் உண்டு. எப்படியோ உறங்கியாச்சு. எழுப்பாண்டாம்" என்றாய் நீ.

எஞ்சினியர் வராத நாளாகப் பார்த்து, சட்டைக்குக் கழுத்து வெட்டுவது போல, அந்தக் கல்லறையைச் சுற்றி ஒவ்வொரு வலையையும் வெட்டச் சொன்னது கமிட்டி. அவள் வந்தபோது எல்லாம் மண்ணுக்குள் போயிருந்தது. "முழுசா விரிச்சாச்சா?" என்று கேட்டாள். "உண்டு மேடம், முழுசா உண்டு" என்றார் செயலாளர். அவர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு தகப்பன் முன்னால் மண்வெட்டியோடு போய் நிற்க யாருக்குத்தான் மனசு வரும்?

சில மழைக்காலம் சுவர் நின்றது. பிறகு ஓர் எடவப்பாதி மழைக்காலம், கண் திறக்க விடாத மழை. வலை முழுசாகக் கிடந்த இடமெல்லாம் ஒரு கல் அசையவில்லை. அந்தக் கல்லறை அகலத்துக்கு மட்டும் சுவர் வாயைத் திறந்து, உன் பிள்ளையை ஏலாவில் கொண்டுபோய்க் கொட்டியது.

நீயும் நானும் சேற்றில் இறங்கினோம். மண்வெட்டியோடு வந்தவர்களை விரட்டினாய். "கை வச்சுத் தேடுங்க மக்கா. வெட்டு பட்டா அவளுக்கு நோவும்" என்றாய். களியைப் பிசைந்து பிசைந்து பார்த்தோம். கிடைத்ததை உன் தோர்த்துத் துண்டில் வைத்தாய். மறுமுனையை நான் பிடித்திருந்தேன். அது ஒரு முழுப் பிள்ளையின் கனம் இல்லை. "எல்லாம் கெடச்சாச்சா?" என்று மேலேயிருந்து கேட்டார்கள். நீ என்னைப் பார்க்காமல், "கெடச்சாச்சு" என்றாய். அதை மேல்பக்கம் அடக்கினோம்.

சரிந்த களி ஏலா ஓரத்தில் குவிந்து கிடந்தது. புல் முளைத்தது. அதில் ஆடு ஏறினால் கல்லெடுத்து எறிவாய். உனக்குக் கிறுக்கு என்றார்கள். அடுத்த மழைக்கு நீ இல்லை. மேல்பக்கம், மகளுக்குப் பக்கத்திலேயே உன்னை வைத்தோம்.

இப்போது சுவரை மறுபடி பிரித்துக் கட்டுகிறார்கள். வலை இன்னும் உள்ளே போக வேண்டுமாம். நீங்கள் இருவரும் கிடக்கும் இடம் வரை தோண்டி, உங்களை வேறிடம் மாற்ற வேண்டும். உனக்கென்று கேட்க ஆளில்லாததால் கமிட்டி என்னிடம் வந்தது. "பாட்டா, நீங்க சொன்னா செரி" என்றார்கள். சுவருக்குக் கீழே இப்போது வீடுகள் உண்டு. முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுகின்றன. "எடுங்க. வலையை வெட்டாண்டாம்" என்றேன். கோபப்படாதே மக்கா.

அதோடு முடியவில்லை. குன்றிடித்து மண் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லையாம். அதனால் ஏலாவில் கிடக்கும் அந்தக் களியையே அள்ளி, வெள்ளம் வடியத் துணி வைத்து, வலைக்கு இடையே பரப்பி ரோலர் ஓட்டுவார்களாம். நீ ஆடு ஏற விடாத களி.

"ரோலர் ஓட்டுறதுக்கு முன்னே போதகர் அடக்க ஜெபம் சொல்லணும்" என்றேன்.

"மண்ணுக்கா? பாட்டாவுக்கு வெயிலு தலைக்கு ஏறியாச்சு" என்று சிரித்தார் இப்போதைய செயலாளர்.

"மண்ணுக்குத்தான். சொல்லாம ஓட்டாண்டாம்."

ஏன் என்று கேட்டார்கள். நீ சொல்லாததை நான் எப்படிச் சொல்ல? கிழவனோடு மல்லுக்கு நிற்க நேரமில்லாமல் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். போதகர் ஜெபிக்கும்போது எல்லாரும் கண்ணை மூடுவார்கள். யாருக்காக என்று அறிந்து மூடுகிறவன் அங்கே நான் ஒருவன்தான். பிறகு ரோலர் அவள் மேல் ஏறி இறங்கும். மண் இறுகித் தீரும்வரை நான் அங்கேயே நிற்பேன், மக்கா.