கிளவுஸ் கம்பெனி தொடங்குவது பற்றி ஜெனிபருக்கு

கும்மிடிப்பூண்டி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஜெனிபருக்கு அப்பா எபினேசர் எழுதுவது. ஆண்டவர் பார்த்துக்கொள்வதால் நான் சுகமாக இருக்கிறேன், ஓமன் வெயிலில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டவற்றுக்கு நான் தட்டுத்தடுமாறிச் சொன்ன பதில்கள் எனக்கே திருப்தியாக இல்லை. எழுதி அனுப்புங்கள், கம்பெனி பஸ்ஸில் போகும்போது நிதானமாகப் படிக்கிறேன் என்றாய். முடித்ததும் உன் சித்தப்பா மகள் சோனியா இந்தத் தாள்களைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். சொல்லப்போவதை முதலில் வரிசையாகப் போட்டுவிடுகிறேன், ஸ்டீல் மில் ஆபீசில் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவனுக்கு வேறு விதமாக எழுத வராது.

1. நீயும் சோனியாவும் கூட்டாக நடத்துவதா, கம்பெனியாகப் பதிவதா.
2. கம்பெனியின் பெயர்.
3. நம் வீட்டு முகவரி போதுமா.
4. நீ இங்கே வந்து தங்க வேண்டுமா.
5. நஷ்டம் வந்தால் வீடு போகுமா.

முதலாவது. இப்போது சோனியா கவரைப்பேட்டையில் உன் மோசஸ் சித்தப்பா வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு வெல்டர்களுக்குத் தோல் கிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள் அல்லவா, அதில் நீ முதல் போட்டு, இருவரும் ஒரு பத்திரம் எழுதிக்கொண்டு கூட்டாக நடத்தலாம். சுலபம்தான், ஆனால் கூட்டு வியாபாரத்தில் கடன் வந்தால் இருவருடைய சொந்தச் சொத்தையும் கேட்க முடியும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் அது சட்டத்தின் கண்ணில் தனி ஆள், அதன் கடன் அதற்கு. பங்குதாரர் இருவர், டைரக்டர் இருவர் வேண்டும், நீங்கள் இருவருமே இரண்டுமாக இருந்துகொள்ளலாம். இவ்வளவு மூலதனம் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி இப்போது இல்லை. ஆனால் ஒரு ஜோடி கிளவுஸ் விற்காத வருஷத்திலும் கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும், விட்டால் அபராதம். கம்பெனி என்று சொன்னால்தான் மில்லில் பர்சேஸ் ஆபீசர் நாற்காலியைக் காட்டுகிறார் என்கிறாள் சோனியா. ஆகையால் கம்பெனியே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது, எனக்குத் தோன்றுவதெல்லாம் சரியாக இருப்பதில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

மூன்றாவதை முன்னால் சொல்லிவிடுகிறேன், அதில் ஒரு விஷயம் நடந்தது. கம்பெனியின் பதிவு அலுவலகமாகக் காட்ட வீட்டு முகவரியே போதும், தபால் வந்து சேர வேண்டும் அவ்வளவுதான். கரண்ட் பில்லும் வீட்டுக்காரனாகிய என் சம்மதக் கடிதமும் கொடுத்தால் சரி. கம்பெனி பதிவானதும் வாசலில் பெயர்ப் பலகை மாட்ட வேண்டும், தமிழிலும் எழுத வேண்டும். எந்த அளவுப் பலகை பொருந்தும் என்று பார்க்க ஒரு பழைய பலகையில் சாக்பீஸால் கிளவுஸ் கம்பெனி என்று மட்டும் எழுதி கேட்டில் கட்டினேன். மறுநாள் காலை ரயிலை விட்டு இறங்கிய ஆட்கள் வேலை கேட்டு வந்துவிட்டார்கள். ஒருவர் ஆந்திரா பக்கத்துக்காரர், நடு வயது. இன்னா நைனா, உள்ள ஆள் எடுக்கிறாங்களா, நான் கட்டிங் கட்டிங்கா வெட்டுவேன், டப்பு கம்மியா குட்த்தாலும் பரவால்ல என்றார். இது வெறும் பலகைதான் என்று சொன்னதும் சிரித்துவிட்டு, கம்பெனி இல்லாமயே போர்டா, அப்போ நீதான் மொதலாளியா, நீதான் வாட்ச்மேனா என்று கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், காபியும் போட்டேன். அவர் மகன், மாட்டு வியாபாரம், சுளுக்கு என்று மதியம் வரை பேசிக்கொண்டிருந்தார். பலகையை அன்றே அவிழ்த்திருக்க வேண்டும், இன்னும் இரண்டு நாள் விட்டு வைத்திருந்தேன்.

இரண்டாவது, பெயர். உன் அம்மா பெயரை வைக்க வேண்டும் என்றாய். தடையில்லை, ஏற்கெனவே பதிவான பெயரையோ வேறு யாருடைய வியாபார முத்திரையையோ ஒத்திருக்கக் கூடாது, கடைசியில் பிரைவேட் லிமிடெட் என்று வர வேண்டும். சோனியாதான், கன்னியம்மான்னு பேர் வெச்சா கிளவுஸ் கம்பெனியா, மாவு மில்லான்னு கேப்பாங்க பெரியப்பா என்கிறாள். நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அம்மா இருந்திருந்தால் வெட்கப்பட்டு வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், ஆனால் பலகையை நாளுக்கு இரண்டு தரம் துடைத்திருப்பாள்.

நான்காவது. டைரக்டராக இருப்பவர் நிதியாண்டில் நூற்று எண்பத்திரண்டு நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, அச்செடுத்த தாளில் என் கண்ணாலேயே படித்தேன். போனிலும் அதைத்தான் சொன்னேன். அப்படியானால் மாசக் கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் அப்பா என்றாய். நல்ல வேலையை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் சட்டம் சட்டம்தானே. உன் அறையில் மில் கரி படிந்திருந்தது, ஆள் வைத்துக் கழுவி வெள்ளையடித்தாயிற்று, மின்விசிறியையும் மாற்றினேன். ஒருவனுக்குச் சமைக்கும் அளவு எனக்கு இன்னமும் கைவரவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது, இனி அந்தக் கவலை இல்லை. சாயங்காலம் சர்ச்சிலிருந்து வந்தால் பூட்டைத் திறக்காமல் கதவைத் தட்டலாம்.

ஐந்தாவது. கம்பெனி நஷ்டப்பட்டால் நீங்கள் போட்ட பங்குப் பணம் போகும், வீடு போகாது. ஆனால் பாங்கில் கடன் கேட்கும்போது சொந்தப் பொறுப்புக்கும் ஒரு கையெழுத்து கேட்பார்கள், அதைப் போட்டுவிட்டால் முதலாவதில் சொன்ன பாதுகாப்பு அந்தக் கடனுக்கு இல்லை. யார் நீட்டினாலும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. தலையில் துணி கட்டாமல் வெயிலில் இறங்காதே, தண்ணீர் நிறையக் குடி.

சனிக்கிழமை. நேற்று இத்துடன் முடிப்பதாக இருந்தேன். அனுப்புவதற்கு முன் ஒருவரிடம் காட்டினால் தேவலை என்று பயம் பிடித்துக்கொண்டது, இன்று காலை பஜாரில் ஆடிட்டர் ஆதிநாராயணன் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். முழுக்கப் படித்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் நாலாவதில் நின்றார். இன்னா சார் இது, எல்லாரும் இங்க இருக்கணும்னு எவன் சொன்னான், டைரக்டருங்கள்ல ஒருத்தர் இருந்தா போதும், அதான் உங்க தம்பி பொண்ணு கவரைப்பேட்டைலயே கீதே என்றார். ஓமனில் இருந்தபடியே நீ டைரக்டராகலாமாம், உன் தாள்களுக்கு அங்கே நம் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பினால் போதுமாம். பொண்ணைப் பார்க்கணும்னா டிக்கெட் போட்டு வரச் சொல்லு சார், நடுவுல சட்டத்தை ஏன் இழுக்கிற என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். குறைந்தபட்சம் ஒருவர் என்ற வார்த்தைகள் அந்த வாக்கியத்திலேயே இருக்கின்றன அம்மா. பலமுறை படித்த வாக்கியம் அது.

நாலாவதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று தாளை எடுத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ராஜினாமாவைக் கொடுத்துவிடாதே, எழுதி வைத்திருந்தாலும் கொடுக்காதே. போனில் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அதனால்தான் சோனியாவை இன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் தொடங்கும் தொழிலைக் கர்த்தர் கைவிடாமல் நடத்தட்டும், உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும். தூதரகத்துக்குப் போகும்போது பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போ. நாலாவது தப்பு. நீ வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை அம்மா, நான்தான் சொன்னேன்.

உன் அப்பா,
எபினேசர்