பச்சைப் புள்ளி வைத்த கூடு

கணவர் இறந்த துக்கத்தில் நான் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன் என்று வானவடியில் எங்கள் அடுக்ககம் முழுக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். போன வாரம் லிஃப்டில், எனக்குக் காது கேட்காது என்ற நம்பிக்கையில், மூன்றாம் மாடிப் பெண் தன் மாமியாரிடம் சொன்னாள்: "பாவம், அங்கிள் போனதுலேர்ந்து ரைஃபிளத் தொடவே இல்லையாம்." என் காது நன்றாகவே கேட்கிறது. செய்திதான் தவறு. அவர் போன பிறகும் பதினொரு மாதம் நான் சுட்டேன். நிறுத்தியது உங்களால், ஹவில்தார். சரியாகச் சொன்னால், உங்களுக்கு நான் செய்த ஒரு காரியத்தால்.

இதை இன்று எழுதக் காரணம் ஒரு பார்சல். உங்கள் மகள் அனுப்பியிருந்தாள். பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. மூடியைத் திறந்ததுமே மெஷின் எண்ணெயும் மெழுகும் கலந்த அந்த வாசனை. ரைஃபிள் கிளப்பின் தகரக் கூரை அறையில் நீங்கள் தோட்டாக் கூடுகளுக்குத் தடவுவீர்களே, அதே மெழுகு. என் சாப்பாட்டு மேஜையில் ஞாயிற்றுக்கிழமைக் காலை வந்து உட்கார்ந்துகொண்டது போல் இருந்தது. கூடவே ஆங்கிலத்தில் நான்கு வரிச் சீட்டு. அப்பா காலமாகி நாற்பது நாள் ஆகிறது, டப்பாவின் மேல் 'மேம்சாப்' என்று எழுதி வைத்திருந்தார், அதனால் அனுப்புகிறேன் என்று.

உள்ளே தோட்டாக் கூட்டை அமுக்கி அளவுக்குக் கொண்டுவருகிற அந்த டை இருந்தது. விரல் நீளத்து எஃகுக் குழல். நீங்கள் கிளப்பை விட்டு ஏழு ஆண்டுகளாகியும் ஒரு பொட்டுத் துரு இல்லை. அதற்கடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பி அமெரிக்காவிலிருந்து வருவதாக எழுதியபோது, பெட்டியில் ஒரே ஒரு டைக்குத்தான் இடம் என்றும் எழுதியிருந்தான். எதை வாங்குவது என்று அந்த அறையில் உங்களுக்கும் எனக்கும் என் கணவருக்கும் நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு, சுட்ட துப்பாக்கியின் உட்புற வடிவத்துக்கு உப்பிவிடும். மறுபடி வெடிமருந்து நிரப்புமுன் அதை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முழு உடம்பையும் அமுக்குகிற டை ஒன்று. கழுத்தை மட்டும் அமுக்கி, உடம்பை அந்தத் துப்பாக்கியின் வடிவத்திலேயே விட்டுவிடுகிற டை இன்னொன்று.

நீங்கள் நின்றுகொண்டுதான் பேசினீர்கள். என் எதிரே நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"முழுசா அமுக்குறதையே வாங்கச் சொல்லுங்க மேம்சாப். கிளப்புல நாலு ரைஃபிள், சாப் ரைஃபிள் ஒண்ணு, உங்களது ஒண்ணு. எல்லாம் ஒரே அளவுன்னு பேருதான். ஒருத்தன் சட்டை இன்னொருத்தனுக்கு ஏறாது."

"அதனாலதான் அளவெடுத்துத் தைச்ச சட்டை வேணுங்கறேன். கழுத்து டைல குறி நல்லா விழும், கூடும் ரொம்ப நாள் உழைக்கும். புக்ல தெளிவாப் போட்டிருக்கான்."

"புக்கு எழுதினவன் வீட்டுல ஒரே ரைஃபிள் இருந்திருக்கும் மேம்சாப்."

என் கணவர் சிரித்த சிரிப்பில் தேநீர் சட்டையில் சிந்தியது. "மதர் சுப்பீரியர் உத்தரவு போட்டாச்சு ஹவில்தார். ஜெபம் பண்ணிட்டு வேலையப் பாருங்க."

நான் சிரிக்கவில்லை. கன்னியாஸ்திரீகளிடம் பதினொரு வருடம் படித்தவள். அச்சில் இருப்பதைத்தான் நம்புவேன். நீங்கள் டையை ஏற்றுக்கொண்டீர்கள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டீர்கள். "கூடு கலந்துடக் கூடாது மேம்சாப். ஒருத்தர் கூடு இன்னொருத்தர் டப்பாவுக்குப் போச்சுன்னா நான் பொறுப்பில்ல."

"கலக்காது. அது என் பொறுப்பு" என்றேன்.

ஒவ்வொரு டப்பாவுக்கும் நானே சீட்டு எழுதி ஒட்டினேன். என் கணவர், அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய பச்சை மையால், தன் கூடுகளின் அடித்தட்டில் ஒவ்வொரு புள்ளி வைத்தார். ஐந்தாறு ஆண்டுகள் ஒரு கூடுகூட இடம் மாறவில்லை. அந்த ஆண்டுகளில் என் குறி நன்றாக விழுந்தது. புத்தகம் சொன்னது சரிதான் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லிக் காட்டினேன்! நீங்கள் ஒவ்வொரு முறையும் "ஆமாங்க மேம்சாப்" என்றீர்கள், ஆறு துப்பாக்கிக் கூடுகளையும் தனித்தனியாகக் காவல் காக்கிற சிரமத்தைச் சொல்லாமலே.

அவர் போனார். உரிமம் அவர் பெயரில் இருந்ததால் அவருடைய துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பதினைந்தாம் நாள் நீங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றீர்கள். "சாப் கூடு நாப்பத்திரண்டு இருக்கு. என்ன செய்யட்டும் மேம்சாப்?" வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அலமாரியில் என் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள்.

சுடத் துப்பாக்கி இல்லாத கூடுகள். பத்து மாதம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் நாற்பத்திரண்டையும் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன், பூஜைப் பாத்திரம் தேய்ப்பதைப் போல. பச்சைப் புள்ளிகள் போயின. காயவைத்து என் டப்பாவில் என்னுடையவற்றோடு கொட்டிவிட்டேன். நல்ல பித்தளை வீணாகக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த டப்பா அங்கே தனியாக இருப்பதைத் தாங்க முடியவில்லை. டப்பாவை உங்களிடம் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. என் சீட்டு ஒட்டிய டப்பா. நீங்கள் ஏன் சந்தேகப்படப் போகிறீர்கள்? கழுத்தை மட்டும் அமுக்கி, மருந்து நிரப்பி, போட்டிக்குத் தயார் செய்து தந்தீர்கள்.

போட்டியில் மூன்றாவது தோட்டா உள்ளே போகவில்லை. அவருடைய துப்பாக்கியின் உட்புறம் என்னுடையதைவிட ஒரு மயிரிழை பெரிது. கைப்பிடியை அழுத்தினேன்; பாதியில் இறுகிக்கொண்டது. என் நேரம் முடிந்தது. நீங்கள் வந்து நிதானமாக அதை எடுத்தீர்கள். உள்ளங்கையில் உருட்டி, அடித்தட்டைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அடித்தட்டை நானும் பார்த்தேன். அதில் பொறித்த எழுத்தின் பள்ளத்தில், புளி எட்டாத இடத்தில், பச்சை.

ஷாமியானாவுக்கடியில் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். செயலாளர் எழுந்து வந்து "காய் ஜாலா, ஆன்ட்டி?" என்று கேட்டார், என்ன ஆச்சு என்று.

"டை சரியா செட் பண்ணலை" என்றேன். ஆங்கிலத்தில் ஒரு தடவை, உங்களுக்கும் கேட்கட்டும் என்று தமிழில் ஒரு தடவை.

நீங்கள் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். "மேம்சாப் சொன்னா சரியாத்தான் இருக்கும்." அறைச் சாவியைச் செயலாளர் முன்னால் மேஜையில் வைத்தீர்கள். அவ்வளவுதான்.

உங்களை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு உங்களிடம் யாரும் டப்பாவும் தரவில்லை. இருபத்திரண்டு ஆண்டு ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்த்த கை, ஒரு கிழவி சொன்ன ஒரு வாக்கியத்தில் நம்பிக்கை இழந்தது. மாதம் முடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். குறை சொல்லப்பட்ட டையை யாரும் கேட்கவில்லை; அதுவும் உங்களோடு போயிற்று.

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உங்கள் பேச்சைக் கேளாமல் டை வாங்கியது என் தவறு என்று ஒப்புக்கொண்டிருப்பேன். கூட்டைக் கலந்தது நான்தான் என்றும், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். ஏன் கலந்தாய் என்று அடுத்த கேள்வி வருமே, அதற்கு அத்தனை பேர் நடுவில் பதில் சொல்ல என்னால் ஆகியிருக்காது.

ஒரே ஒரு முறை அதற்குப் பிறகு உங்களைப் பார்த்தேன். ஏரவாடாவில் என் ஆட்டோ சிக்னலுக்கு நின்றது. பூட்டுக் கடை ஒன்றில் சாவி அராவிக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றீர்கள். நான் முகத்தை நேரே வைத்துக்கொண்டேன். ஆட்டோ நகர்ந்தது. அந்த மாதமே என் துப்பாக்கியை ஒப்படைத்தேன். லிஃப்டில் பேசுகிறவர்களுக்கு இது தெரியாது.

துணியைப் பிரித்தேன், ஹவில்தார். மருந்தும் குண்டும் நீக்கிய வெறும் கூடு. எழுத்தின் பள்ளத்தில் பச்சை அப்படியே இருக்கிறது. ஏழு ஆண்டு இதைக் கையில் வைத்திருந்தீர்கள். செயலாளரிடம் காட்டியிருந்தால் அன்றே உங்கள் சாவி திரும்பியிருக்கும்.

திங்கட்கிழமை கிளப்புக்குப் போனேன். நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துப் போனேன். இப்போதைய செயலாளர் இளைஞர். "ஜாவூ த்யா, ஆன்ட்டி" என்றார், விட்டுத்தள்ளுங்கள் என்று. பலகையில் குத்தும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. யோகா வகுப்பு அறிவிப்புக்கும் கேன்டீன் விலைப்பட்டியலுக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவர் பாதி படித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவருக்கு உங்களைத் தெரியாது. என்னையும் தெரியாது.

டையைக் கிளப்புக்குக் கொடுத்துவிட்டேன், எந்தத் துப்பாக்கிக்கு ஆகும் ஆகாது என்று சீட்டு எழுதி ஒட்டி. கூட்டைக் கொடுக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டிருக்கிறேன். கண்ணாடி எடுக்கும்போதெல்லாம் கலகலவென்று உருள்கிறது. அதை நான் தேய்க்கவில்லை.

இந்த மடலை உங்கள் மகளுக்கு அனுப்புகிறேன். தமிழ் வாசிக்கத் தடுமாறுவாள் என்பதால் ஆங்கிலத்தில் ஒரு படியும் இணைத்திருக்கிறேன். அவளிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அம்மா, உன் அப்பா வீட்டில் என்னைப் பற்றி என்ன சொன்னார்? கசப்பாக ஏதும் இருந்தால் மறைக்க வேண்டாம். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் அதையும் சொல். போன் செய்யாதே. எழுத்தில் பதில் போடு.