வீட்டு நிழலில் விளைந்த கதிர்

கரம்பொன்
3.11.2024

சிவரூபி மச்சாளுக்கு,

என் நம்பரை நீங்கள் மறித்துவிட்டதால் இதை உங்கள் படலைக்குள்ளால் போடுகிறேன். சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

உங்கள் மாடியில் பூட்டிய பெரிய லைற் விடிய விடிய என் வீட்டைத்தான் பார்க்கிறது. கள்ளருக்காக என்றீர்கள். ஊரில் சொன்னது வேறு: தம்பி கட்டாரில் வேலையில், இவளிடம் யார் வந்து போகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். அதையே என் மனுசனுக்கும் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று வாரமாக அவர் என்னோடு கதைப்பதில்லை. என் பிள்ளை, உங்கள் மருமகள் கஜாலினி பிறந்து எட்டு மாதம்தான். அந்த வெளிச்சத்தில் கண் மூடுகிறாளில்லை. நானும் எழும்பி எழும்பி அவள் மூச்சைப் பார்த்தபடி கிடக்கிறேன்.

நிற்பாட்டுங்கோ. பிள்ளைக்காக இல்லையென்றால் உங்கள் வயலுக்காக. என் வீட்டுக்குப் பின்னால் நீங்கள் விதைத்திருப்பது மொட்டைக்கறுப்பன் நெல், பழைய இனம். இரவு நீளுகிறது என்று இலை அறிந்தால்தான் அதிலுள்ள ஒரு மரபணு வேலை தொடங்கும். அது குருத்துக்குச் செய்தி அனுப்பினால்தான் குருத்து பூவாகும். நீங்களோ இரவையே இல்லாமல் செய்துவிட்டீர்கள். பயிர் பச்சையாய் நிற்கும், கதிர் வராது.

மேனுகா

5.11.2024

மேனுகா,

லைற்றை நிப்பாட்ட நெல்லையும் சாட்சிக்குக் கூப்பிடுறீர். கம்பசில படிச்ச ஆளல்லோ! எங்கட அப்பு காலத்திலயிருந்து விதைக்கிறம். நெல்லுக்கு நித்திரை வேணுமெண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. ஒளிக்க ஒண்டும் இல்லாத ஆளுக்கு வெளிச்சம் ஏன் குத்துது?

சிவரூபி

6.2.2025

மேனுகா,

என்னத்தை ஊத்தினீர்? வயல் புல்லுத்தரை மாதிரி நிக்குது. மழைக்காலமும் போயிட்டுது, இனி என்ன வரப்போகுது? உம்மட பின்சுவரை ஒட்டின துண்டில மட்டும் கதிர் முத்திச் சாய்ஞ்சு கிடக்குது. மற்றதுக்கெல்லாம் மருந்தடிச்சுப்போட்டு, உமக்குக் கிட்ட உள்ளதை விட்டு வைச்சிருக்கிறீர். தைப்பூசம் வருது. புதுநெல்லுப் புதிர் எடுத்துச் சுவாமிக்கு வைக்க, மருந்து படாததெண்டு நம்பி வெட்ட ஒரு பிடி கதிர் இல்லை. இதையும் தம்பிக்குச் சொல்லத்தான் போறன்.

சிவரூபி

7.2.2025

மச்சாள்,

மாடியில் ஏறி லைற்றடியில் நின்று பாருங்கோ. விளைந்த துண்டு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. என் வீடு மறைக்கும். உங்கள் லைற் பார்க்காத இடம் மட்டும்தான் விளைந்திருக்கிறது. பிறகு வயலுக்குள் இறங்கிப் பாருங்கோ. என் கூரை, அதற்குமேல் தண்ணீர்த் தாங்கி, அப்படியே அந்த வடிவத்தில் கதிர் நிற்கிறது. மருந்தடிக்கிறவள் தாங்கியின் நிழலுக்கு அளவெடுத்தா அடிப்பாள்?

நாலு மாதம் எரித்தீர்கள். யாரைக் கண்டீர்கள்? பெயரைச் சொல்லுங்கோ. சொல்ல ஏலாதென்றால் உங்கள் தம்பியிடம் அதைச் சொல்லுங்கோ. அதன்பிறகு என் வீட்டு நிழலுக்குள் வந்து புதிருக்குக் கதிர் வெட்டுங்கோ.

மேனுகா

12.2.2025

மேனுகா,

நேற்றுப் புதிர் எடுத்தாச்சு. உம்மட வீட்டு நிழலுக்க நிண்ட கதிர்தான்.

லைற்றும் கழட்டியாச்சு. நெல்லுக்காக, உமக்காக இல்லை.

வெட்ட முதல் தம்பிக்கும் சொன்னனான். நாலு மாதமாப் பார்த்தனான், ஒருத்தரும் வரேல்லை எண்டு.

கண்டிருந்தால் சொல்லியிருப்பன்.

சிவரூபி