என் பெயரில் நீ அடித்த கோல்கள்

காலையிலிருந்து மழை. மகளின் கேன்வஸ் சப்பாத்து நனைந்து கிடந்தது. விறகடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டேன். பத்து நிமிடத்தில் வாடை கிளம்பிவிட்டது: ஈர ரப்பர், புகை, கால் வியர்வை. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் மட்டும் அசையவில்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் உன் வீட்டு அடுப்புக்கு மேலே உன்னுடைய ஒரே ஒரு சோடி பூட்ஸ் இப்படித்தான் தொங்கும். நீ போய் நாற்பது நாளாகிறது. என் மூக்குக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பதுளையில் நாம் ஒரே வகுப்பு. நீ சித்தி வீட்டில் தங்கிப் படித்த தோட்டத்துப் பெண், நான் டவுனில் தையற்கடைக்காரர் மகள். பள்ளிக்கூடக் கால்பந்து டீமில் நீ முன்னால் நின்று கோல் அடிப்பவள், நான் கீப்பர். கீப்பர் என்றால் ஓட வேண்டியதில்லை, அகலம் இருந்தால் போதும் என்று என்னைப் போட்டார்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். "கண்ணத் தொறடி, பந்து ஒன்னக் கடிக்காது!" என்று நடு மைதானத்திலிருந்து கத்துவாய். கடிக்கவில்லைதான். மூக்கை உடைத்தது.

கொழும்பில் ஒரு கார்மென்ட் கம்பெனி பெண்கள் டீம் வைத்திருந்தது. விளையாடுவதற்கே மாதச் சம்பளம். அவர்களுடைய ஆள் வந்து உன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அடையாள அட்டையோடு வரச் சொன்னார். உன்னிடம் பிறப்புப் பத்திரமே இல்லை. உன் அப்பா இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தவர். சண்டையில் கப்பல் நின்றுபோனது, குடும்பம் லயத்திலேயே தங்கிவிட்டது. காகிதத்தில் மட்டும் நீங்கள் எல்லோரும் போய்விட்டவர்கள்.

"நான் இந்தியாவுல இருக்கேன்டி. இங்க நிக்கிறது என் ஆவி" என்று சிரித்தாய். அப்புறம் சித்தி வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு பின்னேரம் முழுக்க அழுதாய்.

திருட்டு யோசனை என்னுடையதுதான். அப்பாவின் தையல் மெஷின் லாச்சியிலிருந்து என் பிறப்புப் பத்திரத்தை எடுத்து உன் கையில் கொடுத்தேன். என் பெயர், உன் படம். அட்டை வந்துவிட்டது. தியாகம் என்று நினைத்துவிடாதே. நான் போகிற தூரம் கடைத்தெரு வரைக்கும்தான், அதற்கு எனக்கு எதற்கு அட்டை?

நான்கு வருடம் நீ நானாக இருந்தாய். சோதனைச் சாவடியில் மறித்தால் என் அப்பாவை உன் அப்பா என்பாய், என் பிறந்த நாளைச் சொல்வாய். பேப்பரில் என் பெயர் வரும். நான் பதுளையில் பலகாரம் தின்றுகொண்டே கொழும்பில் இரண்டு கோல் அடித்திருப்பேன். லீவுக்கு வரும்போது, "நேத்து ஒனக்குக் கால்ல நல்ல அடி" என்று முழங்காலைக் காட்டுவாய். நானும் நொண்டிக் காட்டுவேன்.

அந்தப் பேப்பர்தான் வினையானது. எனக்குப் பண்டாரவளையில் மாப்பிள்ளை பேசினார்கள். நிச்சயம் முடிந்த வாரம் மாப்பிள்ளையின் அத்தை பேப்பரோடு வந்து நின்றார். "பொண்ணு அரக்கால் சட்ட போட்டுக்கிட்டுப் பந்து அடிக்கிதாமே?" அதே பெயரில் வேறு யாரோ என்று சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். சாமி என்ன நினைத்ததோ, அத்தை நம்பினார். ஆனால் கல்யாணப் பதிவுக்கு அடையாள அட்டை கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

அதே வாரம் நீ கொழும்பிலிருந்து பஸ் பிடித்து வந்தாய். மாலைதீவில் ஒரு கிளப் உன்னைக் கேட்டிருந்தது. ஒரு வருட ஒப்பந்தம், பாஸ்போட் மட்டும் எடுக்க வேண்டும்.

"ஒரே ஒரு வருசம்டி. போயிட்டு வந்ததும் குடுத்துர்றேன்."

"ஒரு வருசம் எவன்டி எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பான்? இருபத்திமூணு ஆயிருச்சு எனக்கு."

"எனக்கும்தான்டி ஆயிருச்சு."

என் வாழ்க்கையில் வாய் மூடியிருந்த நேரங்கள் குறைவு. அதில் ஒன்று அது. நீ பையிலிருந்து அட்டையை எடுத்து, அப்பா துணி வெட்டும் மேசையில் கிடந்த சட்டைத் துணியின் மேல் வைத்தாய்.

"இந்தா. நல்லாத்தான் வச்சிருந்தேன். நாலு வருசத்துல ஒரு செவப்பு அட்டகூட வாங்கல, ஒம் பேராச்சேன்னு."

அம்மா ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனாய். அட்டை தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்து, என் படத்தோடு புதிது எடுத்தேன். பழையதை அடுப்பில் போட்டேன். உன் முகம் முதலில் சுருண்டது.

நீ மடுல்சீமைக்குத் திரும்பி, விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்து எடுத்தாய். சில வருடம் கழித்துக் குடியுரிமைச் சட்டம் மாறி, உன் சொந்தப் பெயரில் உனக்கு அட்டை கிடைத்தது. உடனே கொழும்புக்கு ஓடினாய். அந்தக் கம்பெனி டீம் கலைந்திருந்தது. வேறு கிளப்பில் புதிய ஆட்கள். இதற்கு முன் எங்கே விளையாடினாய் என்று கேட்டார்கள். எதைக் காட்டுவாய்? உன் பெயரில் ஒரு கோல்கூட இல்லை. எல்லாம் என்னிடம் இருந்தது, பண்டாரவளையில், ஹார்ட்வெயார் கடைக்காரர் மனைவியிடம்.

ஒரு நாள் பதுளையில் பேங்க் மெனேஜர் என் பெயரைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் பந்து விளையாடினது நீங்களா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். ஆமாம் என்றேன். வரிசையில் நிற்காமல் வேலை முடிந்தது, குடிக்க ஒரு பிளேன்டியும் கிடைத்தது. போனில் உனக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிப்பு நின்ற பிறகும் நீ போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று முறை வந்து பார்த்தேன். மூன்று முறையும் ஊர்க்கதைதான் பேசினோம். அந்த அட்டையைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் சாவு வீட்டில் தோட்டத்துத் தலைவர் பேசினார்: "நல்ல தொழிலாளி. கொழுந்து எடுக்குறதுல கெட்டிக்காரி." அவ்வளவுதான். நான் கூட்டத்தில் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றேன். ஊரில் யார் வீட்டு ரகசியத்தையும் விட்டுவைக்காத இந்த வாய், அன்றைக்கு முந்தானைக்குள் இருந்தது.

போன மாதக் கடைசியில் பதுளையில் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி. அந்த பேங்க் மெனேஜர் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தார். முன்னாள் வீராங்கனை என்று எனக்கு அழைப்பு. "ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லிட்டு வந்துரு" என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார். என்னை முதல் பந்தை உதைக்கச் சொன்னார்கள். உதைத்தேன். பந்து அங்கேயே இருந்தது, செருப்பு பறந்துபோனது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அப்புறம் மைக்கைக் கொடுத்தார்கள். "பேர் மட்டும்தான் என்னோடது" என்றேன். "விளையாடினது பெருமாள் ராஜேஸ்வரி. மடுல்சீமை." எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரம் கொடுத்ததையும், அட்டையைத் திருப்பி வாங்கியதையும். மெனேஜர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண் மட்டும், "அந்த அக்கா வரலயா?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குசினி வாசலில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்து நான்கு பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அந்தப் புள்ள ஏன் ஒனக்கு விட்டுக்குடுத்துச்சு?" என்று கேட்டார்.

அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன்.