நாலு சாண், மூன்று விரல்

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் மண்ணெண்ணெய் வாசனை போகவில்லை. காலையில் வண்டிச் சங்கிலியை மண்ணெண்ணெயில் துடைத்துக் கிரீஸ் வைத்தேன். இந்த வாசனையோடு நீங்கள் சமையலறைக்குள் வரும்போதெல்லாம், "அங்கேயே நில்லுங்கள், முதலில் கையைக் கழுவுங்கள்" என்று முப்பத்தெட்டு வருடம் சொன்னவள் நான். இன்று அதே வாசனையோடு நானே அரிசி களைகிறேன். தடுக்க ஆள் இல்லை. ஆகவே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: வண்டி ஓடுகிறது.

பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையை மூடிய பிறகு உங்களுக்குப் பொழுது போகவில்லை. என் முழங்கால்கள் அப்போதே தேய்ந்திருந்தன. சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர வண்டியை எங்கேயோ செல்போனில் பார்த்துவிட்டு வந்து, "இது முட்டிய நோகடிக்காதுமா" என்றீர்கள். பழைய சைக்கிள்கள் மூன்று பின்கட்டுக்கு வந்தன. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, அந்தப் பின்சக்கரத்துக்குள் மோட்டார். நம் சமண வீட்டில் தோல் புழங்குவதில்லை என்பதால் இருக்கைக்குக் கட்டில் நாடாவைப் பின்னினீர்கள். அளக்க டேப் இல்லை. எல்லாம் சாண் கணக்கு. நான் தையல் டேப்பை எடுத்து வந்து நீட்டியபோது, "என் கை என்கூடவே வருது, அது தொலையாது" என்று சிரித்தீர்கள்.

அந்த மாலையை எழுதாமல் தாண்ட முடியாது. மோட்டாருக்கு இன்னும் ஒயர் இணைக்கவில்லை. வண்டியை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து, துண்டால் இருக்கையைத் தட்டி, "உக்காந்து பாரேன்" என்றீர்கள். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கான்வென்டில் முதுகை நாற்காலியில் சாய்த்தாலே ஸ்கேலால் தட்டும் சிஸ்டரிடம் படித்தவள் நான். இந்த வயதிலும் நிமிர்ந்துதான் உட்காருகிறேன். "மல்லாக்கப் படுத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஊர் நடுவே போக நான் என்ன பிணமா?" என்று கேட்டேன். அவர்கள் காதில் விழும்படியே கேட்டேன்.

 வண்டியைப் பின்கட்டுக்குத் தள்ளிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடினீர்கள். அதை மூட அவ்வளவு நேரம் தேவையில்லை. நீங்கள் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பொழுது சாய்ந்தால் நாம் சாப்பிடுவதில்லை. உங்களுக்காக வைத்திருந்த தட்டை அப்படியே எடுத்து வைத்தேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இரண்டு வருடம் தார்ப்பாயைத் தொடவில்லை. தொட வைத்தது ஒரு பஸ். மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போக நின்றிருந்தேன். படி ஏறக் கால் வரவில்லை. "பாட்டிய ரெண்டு பேரு புடிச்சி ஏத்துங்கப்பா, டைம் ஆவுது" என்றார் கண்டக்டர். ஏற்றினார்கள், நெல் மூட்டையை ஏற்றுவதுபோல. போகவேண்டிய இடத்துக்குப் போனேன். ஆனால் அன்று மல்லிநாதர் முன்னால் நின்றபோது நினைத்ததெல்லாம் தார்ப்பாயைத்தான்.

மறுநாள் அதை விலக்கினேன். பின்கட்டில் பார்க்க யாரும் இல்லை. மெல்லச் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினேன். பாதம் பெடலில் சரியாகப் போய் உட்கார்ந்தது. உங்கள் நீளக் காலுக்கு அது பொருந்தாது. முழங்கால் மடங்கி முகத்தில் இடித்திருக்கும். குனிந்து பார்த்தால், குழாயில் சாக்பீஸால் உங்கள் கோணல் எழுத்து: 'நாலு சாண், மூணு விரல்'. எப்போது என்னை அளந்தீர்கள்? யோசித்ததும் புரிந்தது. வண்டி செய்த அந்த மாதமெல்லாம் தினமும் என் காலுக்குத் தைலம் தடவினீர்கள். இடுப்பிலிருந்து குதிகால்வரை சாண் சாணாக உங்கள் கை நகர்ந்தது. நான் அதை வைத்தியம் என்று நினைத்திருந்தேன். தையல் டேப்பைக் கொண்டுவந்து என் காலையும் வண்டியையும் அளந்து சரிபார்த்தேன். அரை அங்குலம்கூடப் பிசகவில்லை.

கிரில் கேட் போடும் முனுசாமியை வரவழைத்தேன். உங்களிடம் காயில் கட்ட வந்த பழக்கம் அவருக்கு. வண்டியைச் சுற்றி வந்து, "இன்னாம்மா இது, சாய்வு நாற்காலிக்கு சக்கரம் வெச்சா மாரி இருக்குது?" என்றார்.

"வெல்டிங் விட்ட இடத்தைப் பாருங்கள், வண்டியின் அழகைப் பிறகு பார்க்கலாம்."

"அண்ணன் இருந்தா டீயாவது குடுப்பாரு."

டீ கொடுத்தேன். ஸ்டியரிங் கம்பியை மூன்று தடவை வெட்டி ஒட்ட வைத்தேன். "உங்களுக்கு வேல செய்யறதுக்கு கோட்ட மேல கல்லு ஏத்தலாம்மா" என்று புலம்பினாலும் மறுநாள் வந்துவிடுவார்.

ஒயர் இணைப்பை யாரிடமும் விடவில்லை. மோட்டாரிலிருந்து மூன்று ஒயர், கன்ட்ரோல் பெட்டியிலிருந்து மூன்று. மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். இதில் தவறு எப்படி வரும்? உட்கார்ந்தேன். சுவிட்சைப் போட்டேன். வண்டி பின்னால் பாய்ந்து துணி துவைக்கிற கல்லில் மோதியது. முழங்கை சிராய்த்து, முதுகு இரண்டு நாள் நிமிரவில்லை.

செய்தி சென்னைக்கு எப்படியோ போய்விட்டது. நம் மகன் சனிக்கிழமையே வந்து நின்றான். "போதும்மா. துணி எடுத்து வை, எங்கூட கெளம்பு. இங்க தனியா கடைக்குப் போவ முடியுதா, கோயிலுக்குப் போவ முடியுதா?"

"முடியும்."

"எப்படி? ரிவர்ஸ்லயா?"

உங்கள் பிள்ளை. வாய் மட்டும் என்னுடையது.

"நாளைக்கு மதியம் நான் தனியாக மேல்சித்தாமூர் போகிறேன். பொழுது சாய்வதற்குள் இந்த வாசலில் இருப்பேன். இல்லையென்றால் உன்னோடு வந்துவிடுகிறேன். நீ பின்னால் வரக்கூடாது" என்றேன். எழுபத்திரண்டு வயதில் பந்தயம். அவன் ஒப்புக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். தோற்பேன் என்று நம்பினான்.

பிறகுதான் பயம் வந்தது. தப்பு எங்கே என்று எனக்கே தெரியாது. கூடத்தில் உட்கார்ந்து, நான் தையல் மெஷினில் இருந்தபடி ஜன்னல் வழியாகக் கேட்ட உங்கள் கடையை நினைத்துப் பார்த்தேன். எத்தனை விவசாயிகள் வந்திருப்பார்கள்: "மோட்டாரு திரும்பி சுத்துதுண்ணா, தண்ணி ஏற மாட்டேங்குது." தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வீர்கள்: "கலர நம்பாத. மூணுல எதுனா ரெண்ட மாத்திக் குடு." கூடவே, மறக்காமல்: "மொதல்ல தூக்கி வெச்சி ஓட்டிப் பாரு." நீங்கள் ஊருக்கெல்லாம் சொன்னதை வீட்டுக்காரி காதில் வாங்கியிருக்கிறாள், கையில் வாங்கவில்லை.

முனுசாமியை அழைத்துப் பின்சக்கரம் தரையில் படாமல் வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைக்கச் சொன்னேன். பச்சையையும் நீலத்தையும் மாற்றினேன். சுவிட்சைப் போட்டேன். சக்கரம் முன்னால் சுற்றியது. "அண்ணன் இங்கதான் எங்கியோ நிக்கறாரும்மா" என்றார் முனுசாமி. நான் அவருக்கு டீ போட உள்ளே போனேன்.

மறுநாள் புடவைக் கொசுவத்தை முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று மணி அடித்தேன். சாய்ந்திருந்தால் சாலை தெரியாது என்று நினைத்திருந்தேன். சாலையோடு வானமும் தெரிகிறது. ஆடு ஓட்டி வந்த ஒரு பெண் நடுரோட்டில் நின்று, "யம்மா, உயிரோடதான் போறியா?" என்று கேட்டாள். அன்று நான் உங்களிடம் கேட்டதே, இரண்டு வருடம் கழித்து என்னிடம் திரும்பி வந்தது. "போய்த் திரும்பியும் வருவேன், இங்கேயே நின்று பார்" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

கோயிலில் அதிக நேரம் இருக்கவில்லை. திரும்பும்போது பாதி வழியில் பேட்டரி முனகி நின்றது. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இறங்கி யாரையாவது கூப்பிடலாம். கூப்பிட்டால் சென்னை. மிதித்தேன். மோட்டார் இல்லாத வண்டி கனம்தான். ஆனால் நீங்கள் சொன்னது நிஜம்: தொடை எரிந்தது, மூச்சு வாங்கியது, முட்டி நோகவில்லை. அதே பெண் ஆடுகளோடு ஓரத்தில் நின்று கையாட்டினாள். ராஜகிரிக் கோட்டைமலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியன் நின்றது. ஆம், நானும் கையை நீட்டிச் சாணில்தான் அளந்தேன்.

தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் மாடிச் சுவர்களில் மட்டும் இருந்தது. மகன் வாசலில் நின்றிருந்தான். கையில் செல்போன் இல்லை, தட்டு இருந்தது. சென்னையில் பத்து மணிக்குச் சாப்பிடுகிற பிள்ளை, உப்புமா கிண்டியிருந்தான். "வெளிச்சம் இருக்குதும்மா, சீக்கிரம் சாப்டு" என்றான்.  உப்புமாவில் உப்பு அதிகம். சொல்லவில்லை. வண்டியைவிட்டு இறங்காமலே, சாய்ந்தபடி, தெரு பார்க்க முழுவதும் சாப்பிட்டேன்.

அவன் தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினான். போன வாரம் முனுசாமி வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். குழாயில் ஒரு சாண் இடத்தை மட்டும் விடச் சொன்னேன். "துருப் புடிக்கும்மா" என்றார். சாக்பீஸ் எழுத்தின்மேல் மெழுகு தேய்த்து வைத்திருக்கிறேன். தினமும் காலையில் வண்டியின் பின்பக்கத்தைக் கம்பியால் நெம்பிச் செங்கல் மேல் ஏற்றி, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்த பிறகுதான் உட்காருகிறேன். வாயைத் திறக்கும் முன்பும் அப்படிப் பார்த்துக்கொள்ளப் பழகி வருகிறேன். இதில் நான் இன்னும் தேர்ச்சி பெறவில்லை.