ஜாய்சி எழுதிய பேருந்துக் கட்டுரை

மரியே வாழ்க

கடையிலிருந்து,
ஞாயிறு மாலை

அன்பு மாப்பிள்ளை கிங்ஸ்லிக்கு,

மச்சான் ஹென்றி எழுதுவது. இங்கே தங்கச்சி லிண்டா, உம்முடைய பிள்ளை ஜாய்சி, நாங்கள் எல்லாரும் உடம்புக்குச் சுகம். விக்டோரியா அக்கா மகன் கெவின் உம்முடைய கப்பலிலேயே வேலைக்கு ஏறப்போகிறான் என்று கேள்விப்பட்டதும், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று இதை எழுத உட்கார்ந்தேன். போனில் என்றால் நீர் ஒன்று சொல்ல, நான் இரண்டு சொல்ல, நடுவில் லைன் அறுந்துபோகும். காகிதம் என்றால் கோபம் வந்தாலும் மடித்து வைத்துவிட்டு மறுநாள் வாசிக்கலாம்.

முக்கியமான சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் லீவு முடிந்த பிறகு ஜாய்சி பள்ளிக்கூடம் போகவில்லை. லிண்டா உம்மிடம் காய்ச்சல் என்று சொல்லியிருப்பாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. இப்படியே விட்டால் எழுத மாட்டாள்.

காரணம் உமக்கும் பாதி தெரியும். ‘உங்கள் பிள்ளையின் கட்டுரை செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது, மதிப்பெண் பூஜ்யம்’ என்று லீவுக்கு முந்தி உம்முடைய போனுக்கு ஒரு செய்தி வந்ததல்லவா, அது அரசுப் பள்ளிக்கூடம் அனுப்பியது மாதிரி இருந்தாலும் எந்த டீச்சரும் கைப்பட அனுப்பியதில்லை. நான் வாங்கிக் கொடுத்த செயலி தானாக அனுப்பியது. முன்னாள் மாணவன் என்று என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் போட்டிருக்கிறார்களே, ஏதாவது செய்வோம் என்று நான்தான் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பையனிடம் பேரம் பேசி, ஒரு வருஷ விலைக்கு இரண்டு வருஷம் வாங்கினேன். நோட்டைப் படம் எடுத்துப் போட்டால் திருத்தும், மார்க் போடும், பிள்ளை எழுதியதா மெஷின் எழுதியதா என்று சொல்லும், பெற்றோருக்குச் செய்தியும் அனுப்பும் என்றான். தலைமையாசிரியை நாகலக்ஷ்மி அம்மா ஒருவரே பத்தாம் வகுப்புக்குத் தமிழும் எடுத்து, ஆபீஸ் வேலையும் பார்க்கிறார். நல்ல உபகாரம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

கட்டுரைத் தலைப்பு, என் ஊருக்குத் தேவையான ஒரு வசதி. நம் பிள்ளை ராத்திரி பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிறாள். பதினொன்றாம் வகுப்புக்கு ராதாபுரம் போகிற பெண்பிள்ளைகள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து திரும்பக் கடைசி பஸ் கிடைக்காமல் ஒவ்வொருத்தியாகப் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று. அடுத்த வருஷம் அவளும் அந்த பஸ்ஸை நம்பித்தான் போகவேண்டும்.

செய்தி என் காதுக்கு எட்டியதும் நான் பிள்ளையைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன், மெஷினிடம் கேட்டாயா என்று. ஒளிக்கவில்லை. ஒரே ஒரு காரியம் கேட்டாளாம், நம்மூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று. அது ராத்திரி ஒன்பதுக்கு ஒன்று உண்டு என்று நம்பரோடு சொன்னதாம். “அப்படி ஒரு பஸ் ஓடுனா நான் ஏன் மாமா இங்கன உக்காந்து கட்டுரை எழுதுதேன்” என்றாள். அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொந்தமாக எழுதினாளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

கடைக்குப் புதுத் தராசு வந்தால் தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் ஒரு கிலோ கயிறுகூட நிறுத்துக் கொடுக்க மாட்டேன் என்பது உமக்குத் தெரியும். இந்தச் செயலியை மட்டும் அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அதனால், தூண்டில் வளைவு கேட்டு 2011-இல் நம் ஊர்க்கமிட்டி கலெக்டரிடம் கொடுத்த மனுவின் நகலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கல்லைப் போட்டுக் கடலைத் தடுங்கள் என்று அன்றைக்கு நாங்களே ராவும் பகலும் உட்கார்ந்து எழுதியது. நாகலக்ஷ்மி டீச்சர் அதைப் படம் எடுத்துச் செயலியில் போட்டார். நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கு மெஷின் எழுதியது என்று வந்தது. அந்த வருஷம் நம்மூரில் கரண்டே ஒழுங்காக இருக்காது.

நாகலக்ஷ்மி அம்மா கல்லிடைக்குறிச்சிக்காரர், நிதானமான மனுஷி. மனுவையும் ஜாய்சி கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். பிறகு, இந்தப் பிள்ளை வீட்டில் யாராவது மனு எழுதுவார்களா என்று கேட்டார். யாராவது என்ன, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிற நம் தெருப் பெண்களுக்கெல்லாம் ஏழாம் வகுப்பிலிருந்து இவள்தானே எழுதிக் கொடுக்கிறாள் என்றேன். விதவைப் பென்ஷன், டீசல் மானியம், பட்டா எல்லாம் அவள் கைதான். அப்படி எழுதிப் பழகினவள் கட்டுரையிலும் மேற்படி, ஆகவே, ஆவன செய்யுமாறு என்று ஒரு வரி அங்கே இங்கே போகாமல் எழுதியிருக்கிறாள். மெஷினும் அப்படித்தானாம் எழுதும். “நான் அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் அண்ணாச்சி. நான் நோட்டைத் திறந்து பாக்க முந்தியே வீட்டுக்கு மெசேஜ் போயிட்டு” என்றார். அதில் சப்பைக்கட்டு எதுவும் இல்லை.

அப்புறம் குழுவைக் கூட்டினோம். ஆறாம் வகுப்புப் பையனுடைய அம்மா சுகிர்தா, செயலியைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்றாள். அது முடியாது, அவளுடைய பையனே அதை வைத்துத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுகிறான். அதைச் சொன்னதும், “அப்ப வாசிக்க மட்டும் வச்சிக்கிடுங்க, எம்பிள்ளை கள்ளனா நல்லவனான்னு அது சொல்லண்டாம்” என்றாள். அதையே தீர்மானமாக எழுதினோம். பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம். மார்க்கும் குற்றமும் டீச்சர் பிள்ளையிடம் பேசின பிறகுதான். வீட்டுக்குச் செய்தி போனால் டீச்சர் பெயரில் போகவேண்டும். பிள்ளையும் மெஷினிடம் எதைக் கேட்டது என்று அடியில் எழுதவேண்டும். நம் பிள்ளைகள் பேரும் போன் நம்பரும் எந்த ஊர் கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்றும் சுகிர்தா கேட்டாள். விற்ற பையனிடம் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறான். அதுவரைக்கும் பெயர் எதுவும் ஏற்றக்கூடாது என்று நிறுத்திவிட்டோம்.

பூஜ்யத்தை அடித்துவிட்டு டீச்சரே கையால் மார்க் போட்டார். லீவு முடிந்த அன்றைக்கு, தப்பு எங்களுடையது என்று வகுப்பு முன்னால் சொன்னார். அதைக் கேட்க நம் பிள்ளைதான் அங்கே இல்லை. வீட்டுக்கே வந்து சொன்னார். சரி டீச்சர், சந்தோஷம் என்று ஜாய்சி காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் லிண்டாவைக் குடைந்து விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். நீர் கப்பலிலிருந்து வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறீர். மெஷினை வைத்துக் கள்ளத்தனம் பண்ணி என் பேரைக் கெடுத்தது போதும், படிப்பை நிப்பாட்டிட்டு அம்மாகூட வீட்ல கிட என்று. பிள்ளையைக் கேட்டால், “அப்பா சொன்னதத்தான் மாமா செய்யுதேன்” என்கிறாள். அழுகை இல்லை, கோபம் இல்லை, மீன் நறுக்குகிறாள், வாசல் பெருக்குகிறாள். திங்கட்கிழமைக்கு யாராவது மனு எழுத வந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறாள். அந்த மெசேஜை அவள் அழிக்கவும் இல்லை.

உம்மைக் குற்றம் சொல்ல வரவில்லை. தண்ணீரில் கிடக்கிறவனுக்கு வீட்டிலிருந்து அப்படி ஒரு செய்தி வந்தால் என்ன செய்வான். பள்ளிக்கூடத்துப் பேரில் வந்ததே, எவனும் நம்புவான். நானும் ஒரு நாள் நம்பினேன்.

வேறு சேதி. கல்லறைத் தோட்டத்து மதில் பக்கம் கடல் இன்னும் கொஞ்சம் அரித்துவிட்டது. உம்முடைய வள்ளத்து எஞ்சினைப் பிரித்துப் பார்த்தேன், பிஸ்டன் போய்விட்டது. மாற்றச் சொல்லியிருக்கிறேன், நீர் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். லிண்டாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, நாகர்கோவில் கூட்டிப்போகிறேன்.

கட்டுரையை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம்தான், வேலை முடிந்து படுக்கும்போது வாசியும். பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரி பஸ் எதற்கு என்று உமக்குத் தோன்றினால் அதையும் அவளிடமே கேளும், பதில் வைத்திருப்பாள். எனக்குப் பதில் போடவேண்டாம். எந்தத் துறைமுகத்தில் சிக்னல் கிடைத்தாலும் லிண்டாவைக் கூப்பிடும். அவளிடம் பேச்சை வளர்க்காமல் போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லும். டீச்சரிடம் நான் பேசிவிட்டேன், குழுவில் பேசிவிட்டேன், பிள்ளையிடமும் என்னால் ஆனமட்டும் பேசிப் பார்த்துவிட்டேன். இனி வேண்டியது அப்பன் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வார்த்தை. அது என் கடையில் கிடைக்காது.

மாதா உம்மையும் கப்பலில் உள்ள எல்லாரையும் காற்றிலும் கடலிலும் காப்பாற்றட்டும். பைய வேலை பாரும், நேரத்துக்குச் சாப்பிடும். நாளைக்குத் திங்கட்கிழமை. லிண்டா இன்றைக்கும் பிள்ளையின் சீருடையைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருக்கிறாள்.

உம் அன்புள்ள மச்சான்,
ஹென்றி